27,100 ரூபாய்க்கு வாங்கிய மூன்று பொருட்களும் 3,500 ரூபாய்க்குப் பார்த்த டொக்டரும்

பார்சலைக் கையெழுத்துப் போட்டு வாங்கியது அம்மா. "என்ன தம்பி, விட்டமினோ?" என்று கேட்டார். பெட்டியின் மேல் அப்படித்தான் எழுதியிருந்தது. ஓம் என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். உள்ளே 3 போத்தல் கெப்சூல். விலை 13,500 ரூபாய், முதல் நாளே வங்கிக் கணக்குக்குப் போட்டிருந்தேன்.

கொழும்பு, வெள்ளவத்தையில் இருக்கிறேன், புறக்கோட்டையில் ஒரு மொத்த விற்பனைக் கடையில் கணக்கு எழுதுகிறேன், வயது 32. போன வருடம் தை மாதம் கலியாணம் பேசி முற்றாக்கினார்கள், ஆவணியில் நாள் வைத்தார்கள். இடையில் இருந்த ஏழு மாதத்தில், ஆண்குறியைப் பெரிதாக்கும் என்று விற்கிற மூன்று பொருட்களை வாங்கிப் பாவித்தேன். அது போன்ற வேறு சிலவற்றை வாங்க நினைத்துப் படித்துவிட்டு விட்டுவிட்டேன். கடைசியில் ஒரு யூரோலொஜிஸ்டைப் பார்த்தேன், சலம் போகிற பாதைக்கும் ஆண் உறுப்புக்கும் வைத்தியம் பார்க்கிற டொக்டர். சாப்பாட்டுக் கடைக்கும் போன் கவருக்கும் பக்கம் பக்கமாக விமர்சனம் எழுதுகிறோம். இந்தப் பொருட்களுக்குத் தமிழில் விற்பவன் எழுதியதைத் தவிர வேறு எதுவும் என் கண்ணில் படவில்லை. அதனால் எழுதுகிறேன்.

முதலில் கெப்சூல். பேஸ்புக்கில் பார்த்த விளம்பரம். "3 மாதத்தில் 3 அங்குலம், நூறு வீதம் மூலிகை, பக்கவிளைவு இல்லை." வெள்ளைக் கோட் போட்ட ஒருவரின் படம். போனில் பேசிய பெண் மிக மரியாதையாகப் பேசினார். "சேர், ஒரு போத்தலோடு நிப்பாட்டினால் வேலை செய்யாது. மூன்று மாதக் கோர்ஸாக எடுங்கோ" என்றார். எடுத்தேன்.

முதல் நாள் இரவு குடித்து அரை மணித்தியாலத்தில் முகம் சூடானது. மூக்கடைத்தது. தலை விண் விண் என்று இடித்தது. ஆனால் விறைப்பு வழக்கத்தை விட உறுதியாக இருந்தது. மருந்து வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்று அன்று நான் உண்மையாகவே நம்பினேன். அம்மாவின் தையல் பெட்டியில் இருந்த அளவு நாடாவை எடுத்து ஞாயிற்றுக்கிழமைகளில் அளந்து குறித்து வைத்தேன். முதல் வாரம் 11.5 சென்ரிமீற்றர். நாலாம் வாரம் 11.5. ஏழாம் வாரம் 12 என்று வந்தபோது சந்தோஷப்பட்டேன். அடுத்த வாரம் திரும்பவும் 11.5.

அந்த மூக்கடைப்பையும் முகச் சூட்டையும் பின்னர் டொக்டரிடம் சொன்னபோது அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார். "இது மூலிகை செய்கிற வேலை மாதிரித் தெரியவில்லை" என்றார். தலையிடி, முகம் சிவத்தல், மூக்கடைப்பு மூன்றும் சில்டெனாபில் வகை மருந்துகளுக்கே உரிய பக்கவிளைவுகள். வயாகராவில் இருப்பது அதுதான். இரத்தக் குழாயை விரிக்கும், விறைப்புக்கு உதவும், நீளத்தைக் கூட்டாது. என் போத்தலை நான் ஆய்வுகூடத்தில் கொடுத்துப் பார்க்கவில்லை, ஆகவே அதற்குள் அது இருந்தது என்று சத்தியம் பண்ணமாட்டேன். ஆனால் உலகம் முழுக்க நடப்பது இதுதான். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2007 முதல் 2016 வரை சொல்லாத மருந்து கலந்தவை என்று பிடித்த துணை உணவுகள் 776. அவற்றில் கிட்டத்தட்டப் பாதி ஆண்மைக்கு என்று விற்கப்பட்டவை, அவற்றில் பெரும்பாலும் அகப்பட்டது சில்டெனாபிலும் அதன் உறவுகளும்தான்.

கடையில் எனக்கு மேலே ஒரு அண்ணை இருக்கிறார், 58 வயது. நான் கெப்சூல் எடுக்கிற விஷயம் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். "தம்பி, உம்மட்டை மிச்சம் இருந்தா எனக்கும் ஒண்டு தாரும்" என்று ஒரு நாள் கேட்டார். இரண்டாவது போத்தலில் பாதியைக் கடதாசியில் சுற்றிக் கொடுத்தேன். அவர் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்னப் போத்தல் இருக்கும். நெஞ்சு நோவு வந்தால் நாக்குக்குக் கீழே வைக்கிற குளிசை. எனக்கு அது நன்றாகவே தெரியும், இரண்டையும் சேர்த்து யோசிக்கத்தான் தெரியவில்லை. அந்தக் குளிசை நைத்திரேற்று. சில்டெனாபில் எடுத்து 24 மணித்தியாலத்துக்குள் நைத்திரேற்று வைத்தால் இரத்த அழுத்தம் திடீரென்று விழுந்துவிடும். அதே வகையைச் சேர்ந்த தடலாபில் என்ற மருந்து என்றால் 48 மணித்தியாலம். மனிதன் எழும்பாமலே போகலாம். டொக்டர் இதைச் சொல்லி முடிக்கும் முன்பே நான் போனை எடுத்துவிட்டேன். அண்ணை இரண்டு குடித்திருந்தார். அந்த நாட்களில் அவருக்கு நெஞ்சு நோகவில்லை. அவ்வளவுதான் எங்கள் அதிர்ஷ்டம். மிச்சத்தை அடுத்த நாள் காலையில் அவர் மேசையில் இருந்து நானே எடுத்து வந்தேன். கெப்சூலுக்கு 5க்கு 0 கொடுப்பதே அதிகம்.

வெள்ளைக் கோட் படத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். அமெரிக்காவில் என்சைட் என்று ஒரு கெப்சூல் தொலைக்காட்சியில் பெரிதாக விளம்பரம் செய்து விற்கப்பட்டது. 100 ஆண்களிடம் செய்த ஆய்வில் 12 முதல் 31 வீதம் வரை வளர்ந்ததாகச் சொன்னார்கள். அந்த ஆய்வு நடக்கவே இல்லை. ஹார்வர்டிலும் ஸ்டான்போர்டிலும் படித்ததாகக் காட்டிய டொக்டர்மார் இரண்டு பேரும் இல்லாத ஆட்கள். நடத்தியவர் 2008இல் மோசடிக் குற்றவாளியாகத் தீர்க்கப்பட்டுச் சிறைக்குப் போனார். நான் பார்த்த விளம்பரப் படத்தில் இருந்த டொக்டரின் பெயரை இலங்கை மருத்துவ சபையின் பதிவில் தேடினேன். அப்படி ஒருவர் இல்லை. வாங்கும் முன்பு தேட 5 நிமிடம் போதுமாக இருந்தது.

எண்ணெய் 3,800 ரூபாய். கராம்பு வாசம், எரிவு, தோல் உரிந்தது. அதோடு வந்த துண்டுக் கடதாசியில் விரல்களால் வளையம் போட்டு அடியிலிருந்து நுனிவரை பிதுக்கி இழுக்கிற பயிற்சி படம் போட்டிருந்தது. எண்ணெய்க்கோ இந்தப் பயிற்சிக்கோ நம்பத்தக்க ஆய்வு இல்லை. ஆனால் காயம் வருவதற்கான வழி இருக்கிறது. ஆண்குறி தசை இல்லை, உடற்பயிற்சியால் பருக்க. கடற்பஞ்சு போன்ற இரண்டு குழாய்களும், அவற்றைச் சுற்றி இறுக்கமான ஒரு உறையும்தான் விறைப்பைத் தாங்குகின்றன. அந்த உறையில் காயம் பட்டுத் தழும்பு விழுந்தால் விறைப்பின்போது வளையும், நோகும். பெரோனி நோய் என்கிறார்கள். எண்ணெயைப் பத்து நாளில் நிறுத்தினேன்.

பம்பு 9,800 ரூபாய். இதைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும், ஏனென்றால் இது முழுப் பொய் இல்லை. பொய் விற்பவன் சொல்கிற பயனில் இருக்கிறது. பிளாஸ்டிக் குழாய்க்குள் காற்றை உறிஞ்சி எடுத்தால் இரத்தம் உள்ளே இழுபடும், அடியில் ஒரு வளையம் போட்டால் அது கொஞ்ச நேரம் நிற்கும். விறைப்புக் குறைபாடு உள்ளவர்களுக்கும் புரொஸ்டேட் சுரப்பிச் சத்திரசிகிச்சை செய்தவர்களுக்கும் டொக்டர்மாரே எழுதிக் கொடுக்கிற கருவி. வளையத்தை 30 நிமிடத்துக்கு மேல் வைக்கக்கூடாது. நல்ல கருவியில் அழுத்தம் கூடாமல் தடுக்க ஒரு வால்வு இருக்கும். எனக்கு வந்ததில் இல்லை. மூன்றாம் நாள் தோலுக்கு அடியில் சிவப்புப் புள்ளிகள், முன்தோல் நீர் கட்டிப் பெருத்துவிட்டது. பார்க்கப் பெரிதாகத்தான் இருந்தது, அடுத்த நாள் காலையில் வீக்கம் வற்றியபோது பழைய அளவு.

2006இல் வெளிவந்த ஒரு ஆய்வில் 37 ஆண்கள் வாரத்துக்கு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் 20 நிமிடம், ஆறு மாதம் பம்பு பாவித்தார்கள். சராசரி நீளம் 7.6 சென்ரிமீற்றரில் இருந்து 7.9 ஆனது. வித்தியாசம் கணக்கில் எடுக்கத்தக்கது இல்லை என்று ஆய்வாளர்களே எழுதிவிட்டார்கள். ஆனாலும் 30 வீதமானோர் திருப்தி என்றார்கள். இதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. மூன்று மில்லிமீற்றருக்குத் திருப்திப்படுகிற அந்த மனிதர்களை எனக்குத் தெரியும், ஏழாம் வாரம் 12 என்று குறித்துவைத்தவன் நான்.

இழுவைக் கருவியை வாங்கவில்லை, ஆனால் நேர்மையாகச் சொன்னால் கொஞ்சமாவது ஆதாரம் உள்ளது இது ஒன்றுதான். சட்டம் மாதிரி ஒன்றில் மாட்டி, நாளுக்குப் பல மணித்தியாலம் மெதுவாக இழுத்தே வைத்திருப்பது. இத்தாலியில் 2009இல் வெளியான ஆய்வில் 21 பேர் தொடங்கி 15 பேர்தான் முடித்தார்கள். நாளுக்கு 4 மணித்தியாலத்துக்குக் குறையாமல் 6 மாதம். விறைக்காத நிலையில் 2.3 சென்ரிமீற்றர், இழுத்து அளந்த நிலையில் 1.7 சென்ரிமீற்றர் கூடியது. பருமன் கூடவில்லை. ஈரானில் 2011இல் 23 பேரை வைத்துச் செய்த ஆய்விலும் 1.7 அளவில்தான் கூடியது, ஆனால் அவர்கள் நாளுக்கு 9 மணித்தியாலம் வரை மாட்டியிருந்தார்கள். இரண்டு ஆய்விலும் ஆட்கள் கொஞ்சம், ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லை. நான் காலையில் 100ஆம் இலக்க பஸ்ஸில் நின்றுகொண்டு புறக்கோட்டைக்குப் போகிறவன், நாள் முழுக்க நாலு பேரோடு ஒரே மேசையில் இருக்கிறவன். 9 மணித்தியாலம் எங்கே போவது? பெரோனி நோயால் வளைவு உள்ளவர்களுக்கு டொக்டர் சொல்லி, டொக்டர் பார்வையில் பாவிப்பது வேறு விஷயம்.

சத்திரசிகிச்சைக்கும் விலை விசாரித்தேன், வெளிநாட்டு கிளினிக் ஒன்றின் முகவர் கொழும்பில் இருந்தே எல்லாம் ஒழுங்கு செய்து தருவதாகச் சொன்னார். கலியாணத்துக்குச் சேர்த்த காசை எடுக்கவும் யோசித்தேன். நல்ல காலம், முதலில் டொக்டரிடம் போனேன். அவர் எளிமையாக விளக்கினார்: ஆண்குறியின் ஒரு பகுதி இடுப்பெலும்புக்குப் பின்னால் உள்ளேயே இருக்கிறது, நார் போன்ற ஒரு கட்டு (லிகமென்ட்) அதை எலும்போடு பிடித்து வைத்திருக்கிறது. அதை வெட்டிவிட்டால் தொங்கும்போது நீளமாகத் தெரியும். விறைக்கும்போது முன்போல் மேல்நோக்கி நிற்காது. தழும்பு சுருங்கினால் இருந்ததை விடக் குட்டையாகவும் ஆகலாம். லண்டனில் 42 பேருக்கு இதைச் செய்து 2006இல் எழுதினார்கள். சராசரியாகக் கூடியது 1.3 சென்ரிமீற்றர், திருப்திப்பட்டவர்கள் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். உடம்புக் கொழுப்பை எடுத்து ஊசியால் ஏற்றிப் பருமனாக்குவதும் உண்டு. அது ஒரே சீராக நிற்காது, கட்டி கட்டியாகும். சுவீடனில் 30 வயது, நோயில்லாத ஒருவர் இப்படிச் செய்துகொண்ட இடத்தில் கொழுப்பு இரத்தத்தில் கலந்து நுரையீரலை அடைத்து இறந்துபோனார். அந்த மரணம் 2017இல் மருத்துவ இதழில் வெளிவந்தது. இந்த இரண்டு முறைகளும் பாதுகாப்பானவை என்றோ பலன் தருபவை என்றோ நிரூபிக்கப்படவில்லை என்று அமெரிக்க யூரோலொஜி சங்கம் 1994 முதல் சொல்லிவருகிறது.

சரி, டொக்டர். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சனல் பண்ணினேன், எல்லாம் சேர்த்து 3,500 ரூபாய். கவுண்டரில் இருந்த பிள்ளை என்ன வருத்தம் என்று கேட்டுவிடுவாரோ என்று பயந்து வாசலில் இரண்டு தடவை திரும்பிப் போகப் பார்த்தேன். கேட்கவில்லை. பெயர், போன் இலக்கம், அவ்வளவுதான். 14ஆம் இலக்கம் கிடைத்தது, ஒன்றரை மணித்தியாலம் இருந்தேன். அறைக்குள் இருந்தது 20 நிமிடம் இருக்கும்.

நான் தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை. "விறைப்பில் ஏதும் கஷ்டம் இருக்கோ? வளைவு, நோவு, சலம் போவதில் பிரச்சினை?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பரிசோதித்தார். அப்புறம் அளந்தார். மேற்பக்கமாக ரூலரை வைத்து, எலும்பில் முட்டும்வரை கொழுப்பை அமத்தி, மெதுவாக இழுத்து நுனிவரை. இழுத்த நீளம் விறைத்த நீளத்துக்குக் கிட்டத்தட்டச் சமம் என்றார். 12.5 சென்ரிமீற்றர். என் நாடா காட்டியதை விட ஒரு சென்ரிமீற்றர் அதிகம். எந்தக் கெப்சூலும் பம்பும் தராத அந்த ஒரு சென்ரிமீற்றர் என் அடிவயிற்றுக் கொழுப்புக்குள் இருந்தது.

பிறகு ஒரு கடதாசியை எடுத்து எழுதிக் காட்டினார். அதை இன்னும் வைத்திருக்கிறேன். 2015இல் லண்டன் கிங்ஸ் கொலேஜ் ஆய்வாளர்கள், மருத்துவர்களே அளந்த 15,521 ஆண்களின் அளவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். விறைத்த நிலையில் சராசரி நீளம் 13.12 சென்ரிமீற்றர், சுற்றளவு 11.66. விறைக்காத நிலையில் 9.16. நூறு பேரில் தொண்ணூறு பேர் விறைத்த நிலையில் ஏறக்குறைய 10க்கும் 16க்கும் இடையில் வந்துவிடுகிறார்கள். உண்மையில் மிகச் சிறியது என்று டொக்டர்மார் யோசிக்கிற எல்லை இழுத்த நிலையில் 7.5 சென்ரிமீற்றர் அளவு. அதற்குக் காரணம் பெரும்பாலும் பிறப்பிலேயே இருக்கும், சிறு வயதிலேயே ஹோர்மோன் வைத்தியம் செய்யவேண்டும். பருவம் முடிந்தபின் ஆண்குறி வளர்வதில்லை. வளர்ந்த ஆணுக்கு ஹோர்மோன் சரியாக இருந்தால் மேலும் ஏற்றினாலும் நீளாது.

"இந்தக் கவலை எப்போது தொடங்கியது?" என்று கேட்டார். அதை எனக்கு யோசிக்கவே தேவைப்படவில்லை. ஒன்பதாம் வகுப்பு, பாடசாலை நீச்சல் தடாகத்தில் உடை மாற்றும் அறை, என்னை விட ஒரு வயது மூத்த ஒருவன் சொன்ன ஒரு சொல். 19 வருடம் அதைச் சுமந்திருக்கிறேன். இத்தாலியில் 2002இல் இதே கவலையோடு வந்த 67 ஆண்களை அளந்து பார்த்தார்களாம். ஒருவருக்குக்கூடச் சிறிதாக இல்லை. பெரும்பாலானோருக்கு அது சிறுவயதில் நண்பனோடு ஒப்பிட்டுப் பார்த்ததில் தொடங்கியிருந்தது. சராசரி என்ன என்று கேட்டால் அநேகமானோர் உண்மையை விடக் கூடத்தான் சொன்னார்கள். நான் டொக்டரிடம் சொன்னது 17.

இன்னொரு கணக்கும் அந்தக் கடதாசியில் இருக்கிறது. அமெரிக்காவில் 52,031 பேரிடம் இணையத்தில் கேட்டு 2006இல் வெளியிட்டது. தங்கள் துணைவரின் அளவில் திருப்தி என்ற பெண்கள் 85 வீதம். தங்கள் அளவில் திருப்தி என்ற ஆண்கள் 55 வீதம். 2020 அளவில் 17 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தவர்களும், இப்படி வருகிற ஆண்களில் அநேகமானோர் சாதாரண அளவுக்காரர்தான், முதலில் செய்யவேண்டியது உட்கார்த்திப் பேசுவது, ஆலோசனை கிடைத்த பிறகு பலர் சிகிச்சையே கேட்பதில்லை என்றுதான் முடித்தார்கள். என் விஷயத்தில் அது அப்படியே நடந்தது. வயிற்றைக் குறைக்கச் சொன்னார், பேசியும் கவலை போகாவிட்டால் மனநல வைத்தியர் ஒருவரின் பெயர் தருவதாகச் சொன்னார். மருந்து எழுதவில்லை. பின்னேரங்களில் மரைன் டிரைவில் நடக்கத் தொடங்கினேன். கலியாணத்துக்குள் 6 கிலோ குறைந்தது.

கலியாணம் முடிந்து மூன்றாம் வாரம் மனைவிக்கு எல்லாவற்றையும் சொன்னேன். நீண்ட நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். "அந்த அண்ணைக்கு ஏதும் நடந்திருந்தா நாங்க என்ன செய்திருப்பம்? இனி இந்த மாதிரிக் குளிசையைத் தொடாதேங்கோ" என்றார். அளவைப் பற்றி ஒரு சொல்கூடப் பேசவில்லை.

டொக்டருக்கு 5க்கு 5. காத்திருந்த ஒன்றரை மணித்தியாலத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஏற்கனவே வாங்கிவிட்டவர்களுக்கு ஒன்று. குடித்துவிட்டு நெஞ்சு நோவோ தலைச்சுற்றோ வந்தால் வெட்கப்படாமல் ஆஸ்பத்திரிக்குப் போய், என்ன குடித்தீர்கள் என்று முதலில் அதைச் சொல்லுங்கள், போத்தலையும் கொண்டுபோங்கள். விறைப்பு 4 மணித்தியாலத்துக்கு மேல் இறங்காவிட்டாலும் அப்படித்தான். நம் நாட்டில் மருந்துகளைப் பதிவு செய்வது தேசிய மருந்துகள் ஒழுங்குமுறை அதிகாரசபை, 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்தது. என் போத்தலில் எந்தப் பதிவு இலக்கமும் இல்லை, செய்தவரின் முகவரியும் இல்லை. நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். அதற்குப் பெட்டி, வங்கிச் சீட்டு, விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷொட் மூன்றும் இருந்தால் நல்லது. பம்பு வந்த பெட்டியை அம்மா பார்த்துவிடுவார் என்று அன்றைக்கே கிழித்து எறிந்துவிட்டேன். கெப்சூலின் மூன்றாவது போத்தல் உடைக்காமல் இருக்கிறது. வங்கிச் சீட்டோடு சேர்த்து அதை ஒரு கடித உறையில் போட்டு வைத்திருக்கிறேன், திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுக்க.